மார்ட்டினி-ஹென்றிக்கு ஒரு மரப்பெட்டி: டெல்டா ஈரத்தில் செய்யும் முறை

கேட்டிருப்பவர் பாபநாசம் பக்கத்துத் தம்பி. கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வீட்டில் ஒரு மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கி இருக்கிறதாம். சுடும் ஊசியும் ஸ்பிரிங்கும் கிடையாது, குழலை எப்போதோ அடைத்துவிட்டார்கள், இனி பழுது பார்த்தாலும் சுடாது என்று எழுத்திலும் வாங்கி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் நெல் அறைப் பரணில் சாக்கு சுற்றிக் கிடந்தது. "நல்ல தேக்கில், உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்து ஒரு பெட்டி செய்யலாம் என்று இருக்கிறோம் அண்ணா, என்ன அளவு, என்ன பாலிஷ் என்று சொல்லுங்கள்" என்பது கேள்வி.

தேக்கு சரி தம்பி. வெல்வெட் வேண்டாம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். அளவும் பாலிஷும் அப்புறம் சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பழைய இரும்பைத் தின்பது காற்றில் இருக்கிற ஈரம், மரம் விடுகிற புளிப்பு ஆவி, துணியும் கையும் கொண்டுவந்து சேர்க்கிற உப்பு, இந்த மூன்றும்தான். மூடிவைத்த பெட்டிக்குள் காற்று எப்படி இருக்கப்போகிறது என்பதை வைத்துத்தான் மரம், துணி, பாலிஷ், பூட்டு எல்லாவற்றையும் முடிவு பண்ண வேண்டும். கவனிக்காமல் செய்த அழகான பெட்டி, பரணையும் சாக்கையும்விட வேகமாகத் துப்பாக்கியைக் கெடுக்கும். சாக்கிலாவது காற்று போய் வரும்.

உங்களிடம் இருப்பது சாதாரணப் பொருள் இல்லை. 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட மாடல் இது, அடியில் இருக்கும் லீவரைக் கீழே இழுத்தால் பின்பக்கக் கட்டை இறங்கித் தோட்டா போட வழி விடும், மேலே தள்ளினால் மூடிக்கொண்டு சுடத் தயாராகிவிடும். அந்த ஏற்பாடு சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய மார்ட்டினியுடையது, குழலுக்குள் இருக்கும் வரிகள் எடின்பரோவில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் ஹென்றியுடையது, இரண்டு பெயரும் சேர்ந்துதான் இந்தப் பெயர். கரிமருந்துத் தோட்டா. 1888-ல் லீ-மெட்ஃபோர்டு என்ற மாகசீன் ரைபிள் வந்த பிறகு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு நெடுங்காலம் ஒரு தலைமுறை பழைய ஆயுதத்தையே கொடுத்தார்கள், வெள்ளைக்காரப் படை மார்ட்டினி வைத்திருந்தபோது நம்மவர்கள் கையில் ஸ்னைடர், வெள்ளைக்காரர்கள் மாகசீன் ரைபிளுக்குப் போன பிறகுதான் மார்ட்டினி நம்மவர்கள் கைக்கு வந்தது. பின்பகுதியின் வலப்பக்கத்தில் கிரீடம், அதன் கீழே வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் எழுத்து, செய்த இடம், வருடம், மார்க் எண் எல்லாம் குத்தியிருக்கும். அந்தக் குத்துகள்தான் துப்பாக்கியின் ஜாதகம். பளபளப்பாக்குகிறேன் என்று யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அதுதான், போனால் திரும்பி வராது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழைய மாடலோ தொன்மை மதிப்போ உள்ள, அல்லது பழுதான ஆயுதம் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாதது என்றால் அதற்கு விலக்கு தருகிறது. 'சுட முடியாதது' என்பதை நீங்களோ நானோ சொன்னால் போதாது, உங்களைப் போல எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு மூடியின் உள்பக்கம் வைத்துவிடுங்கள், அசல் வேறிடத்தில் இருக்கட்டும். இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது சுடக்கூடிய, உரிமம் உள்ள துப்பாக்கி இருந்தால் இந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை, பூட்டிய இரும்பு பீரோதான் அதற்கு இடம், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியதும் இருக்கும். இன்னொன்று, துப்பாக்கியை ஆச்சாரி பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சுடுமா சுடாதா என்று பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவருக்குத் தெரியாது. அளவு எடுத்து அட்டையில் உருவம் வெட்டிக் கொடுங்கள், அது போதும்.

இப்போது காற்றுக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கிடுகிடுவென ஏறும். மேற்பரப்பில் உப்பு இருந்தால் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் சமையல் உப்பு 75 சதவீதத்தில் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துபோகும், அதற்குக் கீழேயும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் பிடிக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முழுவதும் 90-ஐத் தொட்டு நிற்கிற நாட்கள் சாதாரணம். மழை இல்லாத மாதத்தில் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது, மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்து வாய்க்கால் ஓட ஆரம்பித்தால் ஆற்றோரத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் அடியிலிருந்து ஈரம் குடிக்க ஆரம்பித்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு உப்புக் காற்று வேறு. பெட்டிக்குள் நாம் பிடித்து நிறுத்த வேண்டியது 45-லிருந்து 55 சதவீதம் வரை. இரும்புக்கு இன்னும் உலர்ந்த காற்று நல்லதுதான், ஆனால் அந்தத் துப்பாக்கியின் கட்டை வால்நட் மரம், 40-க்குக் கீழே போய் அப்படியே நின்றால் மரம் சுருங்கி வெடிக்கும், இரும்பும் மரமும் சேர்கிற இடத்தில்தான் முதல் வெடிப்பு தெரியும்.

ஆகவே இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, காற்று தாராளமாகப் போய் வருகிற திறந்த தாங்கியில் வைத்து, இரும்புக்கு மெழுகு பூசி, அடிக்கடி துடைப்பது. இரண்டாவது, நன்றாக அடைத்த பெட்டி செய்து உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்துப் பராமரிப்பது. இரண்டுக்கும் நடுவில், மூடி சுமாராகப் பொருந்துகிற, உள்ளே கனத்த துணி போட்ட பெட்டி இருக்கிறதே, அதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஈரக் காற்று உள்ளே போகும், துணி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே காயாது. நீங்கள் பெட்டிதான் என்று முடிவு பண்ணிவிட்டதால் இரண்டாவது வழியை முழுசாகச் செய்யுங்கள்.

மரம். எல்லா மரமும் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விடும், அதாவது வினிகரில் இருக்கிற அதே புளிப்பு. ஓக் மரம் இதில் படுமோசம் என்று மேல்நாட்டு அருங்காட்சியகக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். தேக்கு நடுத்தரம், ஒரேயடியாக நல்ல பிள்ளை என்று சொல்ல முடியாது, ஆனால் ஈரம் ஏறி இறங்கினாலும் முறுக்காது, கரையான் லேசில் தொடாது, நம் ஆச்சாரிகளுக்குக் கைவந்த மரம், அதனால் நான் தேக்கையே சொல்வேன், உள்ளே ஒரு தடுப்பு கொடுக்கிறோம் என்ற நிபந்தனையோடு. மலிவாக இருக்கிறதே என்று பிளைவுட்டுக்கோ எம்.டி.எஃப். பலகைக்கோ போகாதீர்கள். அதில் இருக்கிற பசை வருஷக்கணக்காக ஃபார்மால்டிஹைடு விடும், மூடிய பெட்டிக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். வேங்கை பார்க்க அருமையான மரம், ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். சர்க்கரைக்காரர்கள் வேங்கைக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறி இருக்கிறதே, அதே சாயம் துணியிலும் கட்டையிலும் இறங்கும். கருவேலம் வேண்டவே வேண்டாம், தோல் பதனிடப் பட்டையை உபயோகிக்கிற அளவுக்குத் துவர்ப்பு உள்ள மரம், இரும்பு பட்ட இடம் மையாகக் கறுத்துவிடும். பூவரசு, வேம்பு இரண்டும் தாங்கும், ஆனால் பெட்டி நீளத்துக்கு நேரான பலகை கிடைப்பது கஷ்டம். நம் பக்கத்தில் வீணை செய்கிற பலா நன்கு காய்ந்தால் கொஞ்சமும் அசையாத மரம், நல்ல பலகை கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத்தில் தேக்கும் பலாவும் சாய்ந்தது கொஞ்சநஞ்சமில்லை. அப்போது அறுத்துப் போட்ட பலகை சில வீடுகளிலும் மரவாடிகளிலும் இன்னும் இருக்கும், நிழலில் அடுக்கி வைத்திருந்தார்கள் என்றால் அதைவிடப் பதமான மரம் கிடைக்காது, விசாரியுங்கள்.

தேக்கு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வாய்க்கால் கரையில் வளர்ந்த இளந்தேக்கு நம் ஊரில் நிறையக் கிடைக்கும், அதில் வெள்ளை, அதாவது வெளிப்பக்கத்து இளமரம் அதிகம், சேகு, அதாவது நடுவில் இருக்கிற முற்றிய மரம் குறைவு. வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும், நாலைந்து வருஷத்தில் பெட்டி ஓரத்தில் மாவு கொட்ட ஆரம்பிக்கும். வண்ணம் அடித்து அதை மறைத்துக் கொடுப்பார்கள், அதனால் இழைக்காத பலகையாக, முனை தெரிகிற மாதிரி வாங்குங்கள். பலகையின் ஈரம் 12-லிருந்து 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு ஊசி உள்ள சின்ன மீட்டர் வைத்திருக்கிற மரவாடியாகப் பார்த்துப் போங்கள். மாசி, பங்குனியில் வாங்கி வீட்டிலேயே நிழலில் அடுக்கி வைத்துச் சித்திரைக்கு மேல் வேலை ஆரம்பிப்பது நல்லது. அடைமழை மாதத்தில் செய்த பெட்டி கோடையில் இடைவெளி விடும், அப்புறம் சிலிக்கா ஜெல் வைத்தும் பிரயோஜனம் இல்லை.

மரமோ துணியோ இரும்புக்கு ஆகுமா என்று சந்தேகமா? வீட்டிலேயே பார்க்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973-ல் ஆண்ட்ரூ ஓடி என்பவர் கொண்டுவந்த சோதனை ஒன்று உண்டு, அதில் ஈயம், செம்பு, வெள்ளித் துண்டுகளைச் சோதிக்க வேண்டிய பொருளோடு கொஞ்சம் ஈரம் வைத்து மூடி 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். நாம் அவ்வளவு போக வேண்டாம். இரண்டு கண்ணாடி பாட்டில் எடுங்கள், பளபளவென்று தேய்த்த புது இரும்பு ஆணியை ஸ்பிரிட்டில் துடைத்து, விரல் படாமல் நூலில் கட்டி இரண்டிலும் தொங்க விடுங்கள். இரண்டிலும் சின்ன மூடியில் நனைத்த பஞ்சு, ஒன்றில் மட்டும் உங்கள் மரத்துண்டும் துணித்துண்டும். இறுக்கி மூடிச் சமையலறை மேல் தட்டில் சூடு படுகிற இடத்தில் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். ஈரம் இருப்பதால் இரண்டு ஆணியிலுமே கொஞ்சம் துரு வரும், அதில் தவறில்லை. மரம் இருக்கிற பாட்டிலில் ஆணி தெளிவாக அதிகமாகத் துருப்பிடித்திருந்தால் அந்த மரத்தையோ துணியையோ விட்டுவிடுங்கள். ஒரு மாதம் பொறுத்திருக்க முடியாதா என்ன, அந்தத் துப்பாக்கி நூறு வருஷத்துக்கு மேல் பொறுத்திருக்கிறது.

அளவு. மார்ட்டினி-ஹென்றி முழு நீள ரைபிள் 49 அங்குலம், எடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுடையது கார்பைனாக இருந்தால் நீளம் இதைவிடக் குறையும், அதனால் டேப் வைத்து அளந்து பார்த்த பிறகே பலகை வாங்குங்கள். பழுப்புத் தாளை விரித்து அதன்மேல் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள், லீவர் எவ்வளவு கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதில்தான் சரியாகத் தெரியும். துப்பாக்கியைப் பக்கவாட்டில் படுக்க வைக்கச் சொல்ல மாட்டேன். குறி பார்க்கும் முகப்பு மேலே இருக்க, இரண்டு தாங்கிகளின் மேல் நிமிர்ந்து உட்கார வேண்டும், லீவர் எதிலும் படாமல் தொங்க வேண்டும். அப்படி என்றால் உள்ளளவு 53 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 11 அங்குல உயரம் வைத்தால் கையை விட்டு எடுக்கவும் வசதி, அடியில் சிலிக்கா பைகளுக்கும் இடம் இருக்கும். இழைத்த பிறகு முக்கால் அங்குலத்துக்குக் குறையாத, முடிந்தால் எட்டில் ஏழு பாகம் அதாவது ஒரு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவான பலகை. இந்த அளவுக்கு மரம் நிகரமாக ஒன்றரை கன அடி வரும், கழிவு சேர்த்து இரண்டு கன அடிக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். செய்து முடித்தால் பெட்டி மட்டும் 27, 28 கிலோ நிற்கும், இரண்டு பேர் தூக்குகிற பாரம், அதனால் கைப்பிடியை ஆணியில் நிறுத்தாமல் போல்ட் போட்டு உள்பக்கம் வாஷரோடு முடுக்கச் சொல்லுங்கள்.

மூலைகளில் டவ்டெயில், அதாவது புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டுகிற இணைப்பு, வெட்டச் சொல்லுங்கள். நல்ல ஆச்சாரிக்கு அது பெரிய வேலை இல்லை, ஆணியும் பசையும் குறையும், பெட்டி தன் பாரத்தைத் தானே தாங்கும். வெள்ளை மரப்பசையும் காயும்போது புளிப்பு ஆவி விடும், அதனால் மூலையில் மெல்லிசாகத் தடவினால் போதும், உள்பக்கம் வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். அடிப்பலகையைக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்து உள்ளே செருகச் சொல்லுங்கள், காடியில் பசை வேண்டாம், மரம் விரிந்து சுருங்க இடம் இருக்கட்டும். மூடிதான் ஆச்சாரியின் கையைக் காட்டுகிற இடம். 55 அங்குல நீளத்துக்கு ஒரே அகலப் பலகையாகப் போட்டால் பார்க்க ராஜாவாட்டம் இருக்கும், முதல் மழைக்காலத்திலேயே நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். சட்டம் அடித்து நடுவில் பலகை செருகுகிற கதவு வேலையாகச் செய்யச் சொல்லுங்கள். கீலும் ஒன்றிரண்டு துண்டுகளாக வேண்டாம், முழு நீளத்துக்கும் ஒரே பித்தளைப் பட்டைக் கீல், அப்போதுதான் மூடி சமமாக உட்காரும். ஸ்குரூ பித்தளைதான், தேக்கில் இரும்பு ஸ்குரூ போட்டால் சுற்றிலும் கறுப்பு வளையம் விழும். பித்தளை மிருது, முடுக்கும்போது தலை அறுந்துபோகும், அதனால் துளை போட்டதும் அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் முடுக்கி மரத்தில் மரை விழ வைத்துக் கழற்றிவிட்டு, அப்புறம் பித்தளையில் மெழுகு தடவி ஏற்ற வேண்டும். அனுபவப்பட்ட கைகள் சொல்லாமலே இதைச் செய்யும்.

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சிலிகான் பீடிங் ஒட்ட வேண்டும். ரெடிமேடாக வருகிற சிலிகான் பட்டையைத்தான் சொல்கிறேன். குழாயில் பிதுக்குகிற சிலிகான் சீலன்ட் பெரும்பாலும் காயும்போது மூக்கைத் துளைக்கிற வினிகர் வாசனை விடும், அந்த வாசனையே இரும்புக்குக் கேடு. கறுப்பு ரப்பர் பீடிங்கும் வேண்டாம், அதில் கந்தகம் உண்டு, பித்தளையையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். மூடிப் பார்த்து, நடுவில் ஏதாவது ஒரு ரூபாய்த்தாளை வைத்து இழுங்கள். எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டு இறுக்கமாக வந்தால் அடைப்பு சரி, எங்காவது சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தை இழைப்புளியால் சரி பண்ணச் சொல்லுங்கள்.

அடுத்தது உள்பக்கத் தடுப்பு, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அலுமினிய ஃபாயிலும் பாலித்தீனும் சேர்த்து ஒட்டிய தாள் பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும், அருங்காட்சியகங்களில் மரப் பெட்டிகளுக்கும் அலமாரிகளுக்கும் இந்த வகைத் தாளைத்தான் போடுகிறார்கள். பாலித்தீன் பக்கம் மரத்தில் படும்படி வைத்து மேலே ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி பெட்டியால் தேய்த்தால் மரத்தில் ஒட்டிக்கொள்ளும். மூலைகளுக்கும் இணைப்புகளுக்கும் அலுமினிய டேப். மரத்தின் ஆவி உள்ளே வராது, வெளி ஈரமும் பலகை வழியாக ஊறி வராது. பார்க்க வெள்ளித் தாளாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அதை மறைக்கத்தான் துணி.

துணிக்குச் சாயம் போடாத காடா துணி போதும். கடையில் வாங்கியபடியே போடக்கூடாது, கஞ்சி இருக்கும், ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. சோப்பு இல்லாமல் வெந்நீரில் மூன்று நான்கு முறை அலசி வெயிலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கம்பளி ஃபெல்ட்டில் கந்தகம், வெல்வெட்டில் சாயமும் பசையும், மெத்தை ஃபோம் நம் வெக்கையில் சில வருஷத்திலேயே பிசுபிசுத்துப் பொடியாகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும், தோல் உறை உப்பையும் அமிலத்தையும் சேர்த்தே வைத்திருக்கும். தாங்கிகளுக்கு மரத்தில் வளைவு வெட்டி, அந்த வளைவில் வெள்ளை இ.பி.இ. ஃபோம், அதாவது டி.வி. பெட்டிக்குள் வருகிற மிருதுவான வெள்ளைத் தாள், அதை இரண்டு மடிப்பு வைத்துக் காடா துணியால் சுற்றுங்கள். ஒரு தாங்கி முன்கட்டையின் கீழ், இன்னொன்று பின்கட்டை மெலிந்து கைப்பிடியாகிற இடத்தில். குழலின் நுனி எதிலும் தொடக்கூடாது.

சிலிக்கா ஜெல் எவ்வளவு என்பதில் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். செருப்புப் பெட்டியில் வருகிற இரண்டு பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. காட்சிப் பெட்டிகளுக்கு அருங்காட்சியகங்களில் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்று கணக்கு வைத்தார்கள், உங்கள் பெட்டியின் உள்ளளவு சுமார் 0.086 கன மீட்டர், அப்படியென்றால் ஒன்றே முக்கால் கிலோ. நாலு காடா பைகளில் பிரித்துத் தைத்துத் தாங்கிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் அடியில் பரப்பி வையுங்கள், இரும்பில் படக்கூடாது. ஈரம் குடித்தால் ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறுகிற வகையை வாங்குங்கள், நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது தேவையில்லாத வம்பு. நிறம் மாறினால் பையிலிருந்து தட்டில் கொட்டி ஓவனில் 110, 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும், நன்றாக ஆறின பிறகு, பெட்டிக்குள் ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே போகாத அளவுக்கு மட்டும் திரும்ப வையுங்கள். உப்பு, அரிசி, கரி என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அதிலும் இரும்புப் பக்கத்தில் உப்பு வைப்பதற்குச் சும்மா இருக்கலாம். சரஸ்வதி மஹாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, லவங்கம், மிளகு எல்லாம் பொடித்துத் துணியில் கட்டி வைப்பார்கள், அது பூச்சிக்கு நல்ல காவல், துருவுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பச்சை வேப்பிலையும் வேண்டாம், அது ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

கூடவே ஒரு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர், மலிவானதே போதும், ஆனால் அது சொல்வது சரியா என்று முதலில் பாருங்கள். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விட்டு, இறுக்கமான டிபன் டப்பாவில் மீட்டரோடு வைத்து மூடி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மீட்டர் நாலு குறைத்துச் சொல்கிறது என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள், அப்புறம் அதை நம்பலாம்.

பாலிஷ் வெளிப்பக்கம் மட்டும் உங்கள் விருப்பம். எனக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சில் தேய்க்கிற பிரெஞ்சு பாலிஷ்தான் பிடிக்கும், தேக்கின் ரேகையை அது மூடாது, ஸ்பிரிட் பறந்துவிட்டால் கேடும் இல்லை. ஆளி எண்ணெயும் எண்ணெய் வார்னிஷும் மாதக்கணக்கில் அமில ஆவி விடும், அதனால் உள்பக்கத்தில் ஒரு சொட்டும் போகக்கூடாது. எது பூசினாலும் மூடியைத் திறந்தபடி ஒரு மாதம் ஆறப் போடுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி காலிப் பெட்டியை மூடி வைத்துக் காலையில் திறந்ததும் முகத்தை உள்ளே வைத்து முகர்ந்து பாருங்கள், புளிப்போ ஸ்பிரிட் வாடையோ வந்தால் பெட்டி இன்னும் ஆகவில்லை.

துப்பாக்கியை உள்ளே வைக்குமுன் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எலுமிச்சையும் வேண்டாம். கறுத்தோ கரும்பழுப்பாகவோ சமமாக இருக்கிற நிறம் நல்ல நிறம், அது இரும்புக்கே ஒரு தோல். தொட்டால் விரலில் ஒட்டுகிற செங்காவிப் பொடிதான் உயிருள்ள துரு, அதை மட்டும் மெல்லிய மினரல் எண்ணெயில், தையல் மெஷின் எண்ணெயே போதும், நனைத்த துணியால் பொறுமையாக எடுங்கள். கரிமருந்துக் கசடு எங்காவது இடுக்கில் இருந்தால் அது தானே ஈரம் இழுக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அது சிக்குப் பிடித்துப் பிசினாகிவிடும். துடைத்து முடித்ததும் எண்ணெய் வழிய விடாமல் உலர்ந்த துணியால் ஒத்தி எடுத்து, மைக்ரோகிரிஸ்டலைன் என்கிற பெட்ரோலிய மெழுகு கிடைத்தால் மெல்லிசாக ஒரு பூச்சு. எண்ணெய் அதிகமானால் கட்டைக்குள் ஊறி மரத்தை இளக்கிவிடும், பழைய துப்பாக்கிகளில் கைப்பிடிப் பக்கம் கறுத்து மெத்தென்று இருப்பது அதனால்தான். வெறுங்கை வேண்டாம், கையுறை போடுங்கள், நம் ஊர் வியர்வையில் கைரேகை அப்படியே துருவாக எழுந்து நிற்கும்.

பெட்டி எங்கே இருக்க வேண்டும்? நெல் அறையில் கூடாது. நெல் மூச்சு விடுகிற தானியம், ஈரமும் சூடும் அதோடு வரும், எலி வரும், பூச்சிக்கு மாத்திரை வைத்தால் அதிலிருந்து வருகிற பாஸ்பீன் வாயு செம்பையும் பித்தளையையும் அரிக்கும், உங்கள் பெட்டிக் கீலுக்கே அது எமன், மனிதர்களுக்கும்தான். ஓட்டுக்கு நேர் கீழும் வேண்டாம், சாரல் அடிக்கிற பக்கத்து வெளிச்சுவர் ஓரமும் வேண்டாம். வீட்டின் நடுவில் உள்ள அறையில், உள்சுவரிலிருந்து அரை அடி தள்ளி, ஆறங்குலக் கருங்கல் துண்டுகளின் மேல் வையுங்கள், கரையான் மண் ஏற்றினால் கல்லில் உடனே கண்ணுக்குத் தெரியும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

வைத்த முதல் மாதம் வாரம் ஒரு தடவை மீட்டரைப் பார்த்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள், அந்த எண்கள் 50-ஐச் சுற்றியே நின்றால் அப்புறம் மாதம் ஒரு முறை போதும், ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. திறப்பதை வெயில் ஏறிய பகல் பதினொரு மணிக்கு மேல், மழை இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சாரியிடம் போகுமுன் அந்தப் பழுப்புத் தாள் அளவைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, தாங்கிகள் எத்தனை அங்குலத்தில் வர வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.